கரிப் பீப்பாய்

மேல் லயத்து வீடுகளில் உடுப்புத் துவைத்தால் கீழ் லயத்து ஓடையில் நுரை வரும். கொழுந்து பறித்து வந்து என் அக்கா குளிப்பது அந்த ஓடையில்தான். தேயிலைச் செடி கீறிய கால்களில் சோப்புத்தூள் தண்ணீர் பட்டுப் பட்டு, முழங்காலுக்குக் கீழே தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் களிம்பு தந்து, நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார்கள். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று அவர்களும் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பொறுமை குறைவு. மனுப் போட்டுக் காத்திருக்க என்னால் ஆகாது. தேயிலை ஃபெக்டரி அடுப்பில் எரிந்து மிஞ்சிய கரியைப் பின்பக்கம் கொட்டி வைத்திருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டேன்; தொல்லை விட்டது என்று அள்ளிக்கொள்ளச் சொன்னார். இடித்து, சாம்பல் போக ஏழெட்டுத் தரம் அலசி, அடியில் துளையிட்ட பீப்பாயில் மணலோடு அடுக்கி, மேல் லயத்துக் கழிவு வாய்க்கால் ஓடையில் சேரும் இடத்தில் வைத்தேன். கரி சோப்புத்தூளின் சவுக்காரத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போகும் தண்ணீரைப் போத்தலில் குலுக்கினால் நுரை கழுத்துவரை ஏறும். வெளியே வருவதில் ஒரு விரலளவுகூட இல்லை. சில மாதங்களில் அக்காவின் புண் காய்ந்தது. துரைக்கு விளக்கினேன், பிள்ளைகளுக்கு விளக்கினேன். அக்காவிடம் மட்டும், சும்மா குளி என்று சொல்லிவிட்டேன். சொன்னால் இவளுக்கு விளங்கவா போகிறது என்ற திமிர்.

பிறகு ஃபெக்டரியை மூடினார்கள். கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போனது. கரிக்குவியலைப் பாதைக் குழி நிரப்ப அள்ளிப் போய்விட்டார்கள். பீப்பாயில் இருந்ததுதான் மிச்சம்.

அம்மன் திருவிழா வந்தது. கரகச் செம்பை அலங்கரித்துப் பாலிக்க ஓடைக்கு வருவார்கள் என்றால், வழியெல்லாம் துப்புரவாக்கி வைப்பது எங்கள் வழக்கம். பள்ளிவிட்டு வந்து பார்க்கிறேன், பீப்பாய் கவிழ்ந்து கிடந்தது, கழுவித் துடைத்துப் பளிச்சென்று. உள்ளே இருந்த கரியெல்லாம் கொட்டி ஓடை கறுத்துப் போய், மேலே நுரை மிதந்தது. எந்த மூதேவி பார்த்த வேலை இது என்று மேல் லயத்தை நோக்கிக் கத்தினேன்.

தேய்க்கிற தும்புக் கட்டோடு அக்காதான் கரையேறி வந்தாள்.

"நான்தான் கழுவுனேன். கரகம் வாற வழியில ஒன் பீப்பா அழுக்கா கெடந்தா, ஒன்னயத்தானே பேசுவாங்க? ரெண்டு பெக்கட் சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சேன்."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

அவள் திரும்ப இறங்கி, அந்த நுரைக்குள் நின்று காலைக் கழுவத் தொடங்கினாள்.