தகரத் தகட்டில் இருந்த சொல்

ஒரு சொல்லுக்கு வேண்டுமென்றே பொய்ப்பொருள் சொல்லிக்கொடுத்தேன். அதனால் ஒரு மனிதன் செத்தான்.

நீங்கள் இனி வாசிக்கப்போவது இதற்கான விளக்கம்... அல்லது வெறும் சாக்குப்போக்கு. எதுவென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு அந்தத் தெளிவு இன்றுவரை வரவில்லை.

வெள்ளைக்காரர்கள் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப்போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்கள்தான் போனார்கள், அவர்களுடைய மொழி போகவில்லை. நான் கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் கிளாக்கராக இருந்தேன். தற்காலிக வேலை. கயிறு, கப்பி, சங்கிலி எதுவானாலும் சோதித்துவிட்டு, அதன் நிலையை இங்கிலீசில் எழுதி ஒரு தகரத் தகட்டைக் கட்டிவைப்பது அங்கே வழக்கம். தொழிலாளர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. எனவே தகடு தொங்கும் எதையும் தொடுமுன் என்னைக் கூப்பிடுவார்கள்.

"மாஸ்டர், இதில என்ன எழுதிக்கிடக்கு?"

நான் எழுந்து போய் வாசித்துச் சொல்வேன். அந்தச் சிறிய அதிகாரத்தில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது தெரியுமா? இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

ஹனீபா கிண்ணியாக்காரன். அவனும் அவனுடைய அண்ணன் ராசிக்கும் ஒரே குழுவில் மூடை ஏற்றினார்கள். ஹனீபாவுக்கு இங்கிலீசு படிக்க ஆசை. வேலை முடிந்ததும் என்னிடம் வந்து உட்காருவான். ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்களைக் கூட்டமாகச் சேர்த்துப் பொருளோடு சொல்லிக்கொடுப்பது என் முறை. அவன் விழுங்கினான் என்றே சொல்லவேண்டும். முதல்நாள் சொன்னதை மறுநாள் என்னைவிட வேகமாக ஒப்புவித்தான்.

அவன் இங்கிலீசு வாசிப்பதை மனேஜர் கவனித்துவிட்டார்; யாரிடம் படித்தான் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. ஸ்டோர் வேலைக்கு நிரந்தரமாக ஒருவரை எடுக்கப்போவதாகவும் ஹனீபாவையும் நேர்முகத்துக்குக் கூப்பிடப்போவதாகவும் என்னிடமே சொன்னார். நான் வளர்த்த கடா என் மார்பில் பாய்வதா? அப்படித்தான் நினைத்தேன். அவன் ஒரு மனிதன் என்பதுகூட எனக்கு மறந்துபோயிற்று.

அடுத்த பாடம் சி, ஓ, என் என்ற மூன்று எழுத்துகள். கன்டெயின் என்றால் உள்ளடக்கு. கன்டினியூ என்றால் தொடர். கன்சீல் என்றால் மறை. அவன் கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கன்டெம்ட் என்றேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன். இனிப் பாவிக்க உதவாது என்று கழித்துவிட்ட பொருள்களின் தகட்டில் அந்தச் சொல் இருக்கும். அவை ஸ்டோருக்குப் பின்னால் ஏலத்துக்காகக் கிடக்கும். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, அவை எதற்காகக் கிடக்கின்றன என்பதும் தொழிலாளர்களுக்குத் தெரியாது. நேர்முகத்தில் மனேஜர் கட்டாயம் அதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"சோதிச்சுப் பாத்து, பாவிக்கலாம் எண்டு முடிவானது" என்றேன்.

அவன் அதையும் விழுங்கினான். நேர்முகத்தில் நாலு பேர் சிரிக்கவேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு... சத்தியமாக அவ்வளவுதான்.

ஆனால் நேர்முகத்துக்கு முன்னால் கோதுமை மா மூடைகளோடு கப்பல் ஒன்று வந்துவிட்டது. மூடை தூக்கும் கயிற்று வலைகள் போதவில்லை. இன்னொன்று கொண்டுவா என்று கங்காணி ஹனீபாவை அனுப்பினார். அவன் பின்பக்கம் போய் ஒரு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் வாசலைக் கடக்கும்போது நின்றான். தகட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

"மாஸ்டர், இண்டைக்கு உங்களக் கூப்பிடத் தேவையில்ல. நானே வாசிச்சிட்டன்."

வாசிக்கத் தெரியாத எவனாவது அந்த வலையை எடுத்திருந்தால் என்னிடம் கேட்டிருப்பான். ராசிக் இன்றும் உயிரோடு இருந்திருப்பான்!

நான் என்ன செய்தேன்? "ம்" என்றேன். கங்காணி தகட்டைப் பார்த்துவிடுவார், எல்லோர் முன்னாலும் இவனைத் திட்டுவார் என்று எண்ணினேன். கங்காணி பார்க்கவில்லை. வலை மூடைகளோடு மேலே போய் அறுந்தபோது கீழே நின்றவன் ராசிக்.

விசாரணையில் மனேஜர் ஹனீபாவைக் கேட்டார்.

"தகட்டைப் பார்க்கவில்லையா?"

"வாசிச்சனான் சேர். பிழையா விளங்கிட்டன்."

"யார் சொல்லிக்கொடுத்தது?"

அவன் என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "ஒருத்தரும் இல்ல. என்ர பாட்டில தனியாத்தான் படிச்சனான்" என்றான்.

அடுத்து என்னைக் கேட்டார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு இடம் இருந்தது, நேரம் இருந்தது. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கேளாமல் எடுத்தால் இப்படித்தான் என்றேன். அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என்னை நிரந்தரமாக்கினார்கள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினேன், பிள்ளைகளைக் கரைசேர்த்தேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவன் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"விட்ட இடத்திலயிருந்து படிப்பம் மாஸ்டர்."

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அன்றுமுதல் வெள்ளிதோறும் பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் நேரே வருகிறான். என் மனைவி கொடுக்கும் தேநீரைக் குடிக்கிறான். எனக்கு எதிரே கதிரையில் இருந்து, அதே மூன்று எழுத்துகளில் தொடங்கும் சொற்களைப் பொருளோடு ஒப்புவிக்கிறான். கன்டெயின், கன்டினியூ, கன்சீல்... அங்கே நிறுத்திவிடுகிறான்.

"இதில ஒண்டு குறையுது மாஸ்டர்."

"எது?"

"உங்களுக்குத் தெரியும். பொருளோட நீங்க சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்லுறன்."

கோபமில்லாத குரல். அதுதான் என்னைக் கொல்கிறது. நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அவன் காத்திருப்பான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்புவான். "சரி, அடுத்த வெள்ளி வாறன்."

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்!

இன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்துவிட்டது. மனைவி குசினியில் தண்ணீர் கொதிக்கவைக்கிறாள். வாசலில் படலை திறக்கிற சத்தம் கேட்கிறது.