ஜன்னலோரம் வேண்டாதவள்

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் கணவர் பேசுவது நாளொன்றுக்கு ஒன்பது வார்த்தை. "அதுலயும் நாலு 'ம்'ங்க" என்று பக்கத்து ஜன்னலோர இருக்கையில் இருந்த என்னிடம் திருத்தியபடி, டிக்கெட்டைச் சுருட்டிக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகினாள் டோக்கன் அக்கா. ஓட்டுநரின் மனைவிக்கு எதற்கு டிக்கெட் என்று நடத்துநர் வாரம் தவறாமல் கேட்கிறார். வாரம் தவறாமல் அவளும் காசை நீட்டுகிறாள். "ஓசியில வந்தா உரிமையா ஒரு கேள்வி கேக்க முடியாது தம்பி. கிழி."

வாரத்தில் ஆறு நாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் முன்கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் எண்களைக் கூப்பிடுவது அவள் வேலை. "எண்பத்தாறு! எண்பத்தாறு தூங்குதா?" என்ற குரலுக்குக் காய்ச்சல்காரர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். வியாழன் விடுமுறை. அன்று கணவர் ஓட்டும் கடற்கரைச் சாலைப் பேருந்தில் போய், அதிலேயே திரும்பி வருகிறாள்.

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நேராகக் கீழே கடல். வளைவுக்கு வளைவு நீலம் நிறம் மாறும். இதைப் பார்க்கவே ஆட்கள் எங்கிருந்தோ வந்து ஜன்னலுக்கு அடித்துக்கொள்கிறார்கள். டோக்கன் அக்கா தன் ஜன்னலை யாருக்கு வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள். நடுவழிப் பக்கம், இரண்டாவது வரிசை மட்டும் வேண்டும். அங்கிருந்துதான் ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் அவர் வாய் தெரியும்.

"கடல் எங்க போகப் போகுது? இந்த வாயைப் பாருங்க. வீட்டுல பூட்டு. இங்க சந்தைக்கடை."

உண்மைதான். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்காரர் மீசையைத் தடவிக்கொண்டு ஓட்டுநரின் ஜன்னலுக்கு வந்தார்.

"என்ன மாப்ளே, இன்னிக்கும் லேட்டா?"

"நீ கேட்டைச் சாத்திட்டு என்னைக் கேளு. உங்கப்பன் வீட்டு ரயிலா அது?"

இருவரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். ரயில் போய், கேட் திறந்து, பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகும் ஏதோ ஒரு மாட்டின் கதை முடியவில்லை. டோக்கன் அக்கா கழுத்தை நீட்டி, ஒரு சொல் சிந்தாமல் கேட்டாள்.

"பொம்பளைங்க மேல எனக்குப் பொறாமையே கிடையாது. அந்த மீசைக்காரர் மேலதான் வயிறு எரியுது" என்றாள் என்னிடம். "மாடு கிணத்துல விழுந்த கதைங்க அது. நேத்து அவரே போய்த் தூக்கியிருக்காரு. சட்டையெல்லாம் சேறு. நான்தான் துவைச்சேன். என்னங்க சேறுன்னேன். 'ரோட்டுல'ன்னாரு."

இப்படி வழியெல்லாம் அவருக்கு ஆட்கள். வலை காய வைப்பவர் கையாட்டுவார். லாட்ஜ் காவலாளி கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார். ஒவ்வொருவருக்கும் அவரிடம் ஒரு பேச்சு இருந்தது. அன்றைக்குக் கடைசியாக வந்தவர் மருந்துக்கடைக்காரி. வண்டி நின்றதும் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை ஜன்னல் வழியே நீட்டினார்.

"பல்வலி எப்படிண்ணே இருக்கு? ராத்திரி தூங்கினீங்களா?"

"எங்கம்மா தூங்க? விண்ணு விண்ணுனு தெறிக்குது."

டோக்கன் அக்காவின் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. மெல்லிய குரலில் சொன்னாள்: "ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருந்தாருங்க. என்னன்னு கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். 'ஒண்ணுமில்ல'ன்னாரு. ஊருக்கே தெரிஞ்ச பல்லு, பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியல."

படம் எடுப்பவர்களுக்காகப் பேருந்து பத்து நிமிடம் நிற்கும் மேட்டில், "பையைப் பார்த்துக்கோங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். அந்த இடத்தில் சாலை ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. குன்றின் குறுக்கே இறங்கும் படிகளில் போனால் பேருந்துக்கு முன்பே அடுத்த நிறுத்தத்தைப் பிடித்துவிடலாம். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"அண்ணியக் காணோமே?" என்றார் நடத்துநர். படிவழியாகப் போனதைச் சொன்னேன். ஓட்டுநர் காதிலும் விழுந்தது. "ம்" என்றார். கியர் மாற்றினார்.

குன்றைச் சுற்றி வந்தபோது அவள் நின்றிருந்தாள், மூச்சிரைக்க. நிழற்குடையில் அல்ல. சாலையைக் கடந்து, ஓட்டுநரின் ஜன்னல் வந்து நிற்கும் பக்கத்தில். வண்டி நின்றதும் அண்ணாந்து, ஆஸ்பத்திரிக் குரலில் கூப்பிட்டாள்.

"என்ன டிரைவர் சார், சௌக்கியமா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். நடத்துநர் விசிலை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். ஓட்டுநரின் காது மடல் சிவந்தது. ஒரு 'ம்' வரும் என்றுதான் நானும் நினைத்தேன்.

"யாரும்மா நீங்க? எந்த வீடு?" என்றார் அவர்.

"நானா? ஒரு ஊமையக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறவ."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் வலி சுண்டியிருக்க வேண்டும்; கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் சிரிக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

அவர் இன்ஜினை அணைத்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குனிந்து, நாற்பது பயணிகள் பார்க்க வாயை ஆவென்று திறந்து, இடப்பக்கக் கடைவாயை விரலால் இழுத்துக் காட்டினார்.

டோக்கன் அக்கா நுனிக்காலில் எம்பி உள்ளே பார்த்தாள். "நல்லாத் திறங்க" என்றாள்.