உப்புத் தின்ற சக்கரம்

டான் சோன் நாட் விமான நிலையத்துக்கும் ஊருக்குமாகப் பதினோரு வருடம் ஒரே காரை ஓட்டிப் பிழைத்தவர் சதாசிவம். அவர் பிரேக் போட்டால் தூங்குகிற பயணிக்குக்கூட விழிப்பு வராது என்று சுற்றுலாக் கம்பெனியில் பேர். 2004-இல் அந்தப் பேருக்குக் கண்டம் வந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. வலப்பக்கம் வண்டியோட்டும் அந்த வெளிநாட்டு ஊரில் இடப்பக்கம் என்றால் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் கூட்டம். பென் தான் சந்தை முனையில் பூக்காரி ஒருத்தி மயிரிழையில் தப்பினாள். மறுநாளோ எஃப்.சி. அதில் தவறினால் வண்டி ரோட்டில் இறங்க முடியாது. அவருக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

"யாரோ கண்ணு வெச்சுட்டாங்க," என்றாள் மனைவி சௌந்தரம்.

புதுக் காலிப்பர் வர ஒரு மாதமாகும் என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். சதாசிவம் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டார். இடது சக்கரத்துக் காலிப்பர் சுத்தமாக இருந்தது. வலது பக்கத்தில்தான் வினை. பிரேக் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் அந்தக் கவ்வி துருவேறி இறுகி, மிதித்தாலும் கவ்வாமல் கிடந்தது. விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. செய்யக்கூடாத காரியம்தான், நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு.

அப்போதுதான் உறைத்தது. அமாவாசை தவறாமல் கல்லுப்பை வண்டிக்குச் சுற்றி, மஞ்சள் தண்ணீரில் கரைத்து, வாசல் பக்கமிருக்கும் இந்தச் சக்கரத்தில்தான் சௌந்தரம் ஊற்றி வந்தாள். திட்ட வாயெடுத்தார், மனம் வரவில்லை.

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். பிஸ்டனைத் துடைத்து, புது ரப்பர் சீல் போட்டு, பின்களுக்கு கிரீஸ் தடவி மாட்டினார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, சௌந்தரத்தைப் பெடலை மிதிக்க உட்கார வைத்தார்.

"மிதி. அப்படியே புடி."

"எதனாலங்க கெட்டுச்சு?"

"உப்புத் தண்ணி பட்டிருக்கு."

அவள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"அப்ப நாந்தானா?"

"நீ மிதி."

சந்தின் கோடிவரை ஓட்டிப்போய் ஓங்கி மிதித்தார். வண்டி கோடு போட்டாற்போல நேராக நின்றது. அப்பாடா என்று ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். மறுநாள் எஃப்.சி.யும் கிடைத்தது. பல நாள் கழித்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த அமாவாசைக்கும் சௌந்தரம் கல்லுப்போடு வாசலுக்கு வந்தாள். சதாசிவம் பதறி எழுந்தார்.

"வண்டிக்கு இல்லீங்க. உங்களுக்கு. நில்லுங்க அசையாம."

அவருக்கு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, உப்பைக் கரைத்த தண்ணீரைத் தெருக்கோடிச் சாக்கடைவரை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தாள்.