ஜீப் வெளிச்சத்தில் ஒரு கிரகணம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் போடியில் சொந்த உழைப்பில் ஜீப் வாங்கியவன். எழுபதுகளின் கடைசியில், குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டப் பள்ளிக்குக் கொடுக்க, படம் காட்டும் மெஷின் ஒன்றை வாங்கி மாலை போட்டுக் கொண்டுபோனேன். தோட்டமே கூடியிருந்தது. நீளமாகப் பேசிவிட்டு வயரைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. பள்ளியில் கரண்டே இல்லை!

“மொதலாளி, மெசினக் கொண்டாந்தீக, கரண்ட எங்க விட்டீக?” என்றாள் காய் பறிக்கும் ஒருத்தி. கூட்டம் சிரித்தது. எனக்கு மானமே போனது.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணே, வெரசா ஜீப்ப வாசலுக்கு நேரா நிப்பாட்டி லைட்டப் போடுங்க” என்றார்.

மூடுபனியில் இருண்டு கிடந்த வகுப்பு பளீரென்றது. அந்த வெளிச்சத்தைச் சூரியன் என்றார். ஆரஞ்சுப் பழத்தைப் பூமியாகப் பிடித்து, நிலாவாக ஓர் எலுமிச்சையைக் குறுக்கே நகர்த்தினார். ஆரஞ்சின் மேல் நிழல் விழுந்தது. “இதான் கிரகணம்.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாம்புதான் சூரியனை விழுங்குகிறது என்று அதுவரை நம்பியிருந்தவன் நான்.

“மெசினு இருக்கட்டும்ணே. கரண்டு வர்ற வரைக்கும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒங்க லைட்டக் கொண்டாங்க” என்றார் டீச்சர்.

தவறாமல் போனேன். லோடு ஏற்றப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். படிக்கத்தான் போனேன்.