ரெங்கம்மாவின் தலைவலி

முதலில் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டுகிறாள். அப்புறம்தான் வாயைத் திறக்கிறாள் ரெங்கம்மா. வலி அவளுக்கு இல்லை, பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு. பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. மருந்து கலக்கும் சிங்களவருக்குக் கடைத்தெருத் தமிழ் கொஞ்சம் வரும். தேயிலைத் தோட்டத்துப் பெண்களோ இரண்டு பேரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் லுணுகலைப் பாதையில் எட்டு மைல் தள்ளியிருக்கும் தோட்டத்திலிருந்து, தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு இவள்தான் நோயாளிகளைக் கூட்டி வருகிறாள்.

வயது நாற்பது இருக்கும். திருச்சிப் பக்கம். கண்டிச்சீமைக்கு வந்து இருபது வருஷம். பெற்றது ஐந்து, தங்கியது இரண்டு. ஆஸ்பத்திரி வாசலில் வெற்றிலையைத் துப்பி வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். மூச்சுமுட்டல் என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துக் காட்டுவாள். பேதி என்றால் அங்கேயே குந்திவிடுவாள். வரிசையில் இருப்பவர்கள் சிரித்தால், நாளைக்கு உங்களுக்கும் நான்தான் வர வேண்டும், நன்றாகச் சிரியுங்கள் என்பாள். வெள்ளைப்படுதல், தீட்டு நின்றுபோனது, எதையும் மறைப்பதில்லை. "நோவுக்கு என்னாங்க வெக்கம்? சொன்னாத்தானே மருந்து."

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். காலில் ஆறாத புண். கட்டு மாற்ற வாரம் தவறாமல் அந்த பெஞ்சில் கிடப்பேன். ஆனி மாதம் ஒருநாள் மருந்துக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மொழிபெயர்க்க வா என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ரெங்கம்மா தனியாக வந்திருந்தாள். துண்டில் அவள் பெயரே இருந்தது.

என்ன நோவு என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள்.

"தலவலிங்க."

தலைவலிக்காரி அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு பெஞ்சு நுனியிலா உட்காருவாள்? மூன்றாம் பிரசவத்துக்குப் பிறகு என் மனைவியும் இப்படித்தான் உட்கார்ந்தாள். அவளுக்குக் கருப்பை இறங்கி வெளியே தள்ளியிருந்தது. எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. வேறெங்கும் வலி உண்டா என்று டாக்டரும் கேட்டார். அந்தச் சொல்லை ஒரு துரைக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வது? நாக்குக் கூசியது. தலைவலி மட்டும்தான் என்று இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு பொட்டலம் தூள் கொடுத்து அனுப்பிவிட்டார். எட்டு மைல் மேட்டை அவள் எப்படித்தான் ஏறினாளோ! படித்தவனாம் நான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

பிறகு விசாரித்தேன். சேலைத்துணியை முறுக்கிக் கோவணம்போல் இறுகக் கட்டிக்கொண்டு மலையில் கொழுந்து எடுக்கிறாளாம். இடையிடையே உட்கார்ந்துவிடுகிறாளாம். இந்த மாதம் வேலை முடியாவிட்டால் கூலிக் கணக்கிலிருந்து பேரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டானாம்.

போன செவ்வாய்க்கிழமை வடிவம்மா என்ற பெண்ணைக் கூட்டி வந்தாள். கையை அடிவயிற்றிலிருந்து கீழே இறக்கிக் காட்டினாள். "இவளுக்கு அடி எறங்கிப் போச்சுங்க. இருமினாப் பையி வெளிய வந்துருது," என்றாள். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. மருந்துக்காரர் எடுத்துச் சொன்னார். நர்ஸம்மா திரைக்குப் பின்னால் பையைத் தாங்கும் ரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்திவிட்டாள். வடிவம்மா நிமிர்ந்து நடந்து வந்தாள். அந்த நடையை ரெங்கம்மா பார்த்த பார்வை என்னால் தாங்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே அவளிடம் போனேன்.

"ஒனக்கும் அதுதானேம்மா? அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஊருக்கெல்லாம் சொல்லிர்றேன் வாத்தியாரய்யா," என்றாள் மெதுவாக. "எனக்குன்னா வாய் வரலீங்களே."

நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். சரியென்று தலையை அசைத்தாள். டாக்டரிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னேன். காதெல்லாம் எரிந்தது. அவர் சாதாரணமாக ஏதோ எழுதிவிட்டுத் திரைப்பக்கம் கையைக் காட்டினார்.

ரெங்கம்மா யாரையும் பார்க்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, பிடித்துக் கூட்டிப் போகச் சொல்லி வடிவம்மாவின் பக்கம் கையை நீட்டினாள்.