ஒன்பது நாற்பதுக்குப் பார்த்தேன்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு, காத்துக் கருப்பு, செய்வினை, இதில் ஒன்றையும் நான் நம்பினவன் இல்லை. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருடமாகக் கங்காணி வேலை பார்க்கிறேன். விடியுமுன் தனியாக மலை ஏறுகிறவன். இத்தனை வருடத்தில் பாம்பையும் காட்டுப்பன்றியையும் தவிர வேறெதுவும் என் முன்னால் வந்து நின்றதில்லை. யாராவது எதையாவது பார்த்தேன் என்று வந்தால், நேற்று எத்தனை கிளாஸ் என்று கேட்டு விரட்டிவிடுவேன்.

நான் பார்த்ததும் இரவில் இல்லை. நல்ல வெயில் நேரம்.

செல்வி என்று ஒரு பெண். இருபத்தொன்பது வயது. என் கையில் வேலை செய்தவர்களில் அவளைப் போல் பால் வெட்டத் தெரிந்தவர்கள் இல்லை, மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவி எடுப்பாள், பார்த்துக்கொண்டே நிற்கலாம். காய்ச்சல், வருத்தம் என்று ஒருநாளும் படுத்ததில்லை. இரண்டு வாளிப் பாலையும் தூக்கிக்கொண்டு சரிவில் என்னை முந்திப் போவாள், போகும்போது "கெழடாயிட்டீங்கண்ணே" என்று ஒரு குத்தும் குத்திவிட்டுத்தான் போவாள். புருஷன் ரூபன் பஜாரில் ஹார்ட்வெயார் கடையில் சாமான் இறக்குகிறான். காலை ஐந்தரைக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் அவனுக்கு வேலை.

நான் சொல்கிற நாளுக்கு முந்தின இரவு மழை. மரம் ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டினால் பால் சிரட்டையில் விழாமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் மழை பெய்த மறுநாள் மரம் காயும்வரை வேலை தொடங்காது. அப்படியான நாளில் பாதிப்பேர் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுக்காமல் நேரே மலைக்குப் போய்விடுவார்கள், நான் பிறகு மலையில் ஆளைப் பார்த்துப் பெயர் போட்டுக்கொள்வேன். அது சரியான முறை இல்லை, ஆனால் எங்களுக்குள் அப்படித்தான் நடந்துவந்தது. அன்றும் பெரட்டில் செல்வியின் பெயரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை, நேரே போயிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு மலையாகப் பார்த்துக்கொண்டு மேல் மலைக்குப் போனபோது அவள் அங்கே நின்றாள். தலையில் துணி, இடுப்பில் சாக்கு, எனக்குப் பக்கவாட்டில் நின்று மரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரட்டுக்கு வராம நேரா வந்திட்டியா, தொரச்சாணி?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "அண்ணே, மணி என்ன?" என்று கேட்டாள்.

போனை எடுத்துப் பார்த்தேன். "ஒம்போது நாப்பது. ஏன், எங்கயாச்சும் போகணுமா?"

"இல்லண்ணே. நெனப்புல வச்சிக்கங்க."

பிந்தி வந்ததற்கு என்னைத்தான் குத்துகிறாள் என்று சிரித்துக்கொண்டு இறங்கினேன். நம்பினால் நம்புங்கள், அந்தக் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

கீழே பால் சேர்க்கும் இடத்துக்கு வந்ததும் போன் அடித்தது, பத்து பத்து இருக்கும். செல்வி வீட்டுக் காம்பராவில் விழுந்து கிடக்கிறாள், கை கால் வரவில்லை என்றார்கள். இப்போதுதானே மலையில் பார்த்தேன் என்று கத்தினேன். மேல் மலையிலிருந்து நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். தலை சுற்றியிருக்கும், குறுக்குப் பாதையில் ஓடி வந்திருப்பாள், இறக்கம்தானே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, வலது கையும் காலும் அவளுடையது இல்லை என்பதுபோலக் கிடந்தன. சுற்றி நின்ற சனம், "பேய் அறஞ்சிருச்சு, கோயில்ல இருந்து துன்னூறு கொண்டாங்க" என்று ஒரே சத்தம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "துன்னூறும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், இது பாரிசவாதம், தள்ளுங்க" என்று எல்லோரையும் விலக்கி, அவளைத் தூக்கி திரீவீலில் போட்டுக்கொண்டு போனேன். அவர்களைப் போல மடையனாக இல்லாமல் இருந்ததற்காக வழியெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரூபன் பஜாரிலிருந்து நேரே அங்கே வந்துவிட்டான். தலையைப் படம் எடுத்தார்கள். ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து, மூளைக்குப் போகும் ரத்தம் கட்டியாகி அடைத்திருக்கிறது, கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்குமேல் பிந்திப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போகலாம். அதனால் ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் பெண்ணைக் கடைசியாக நல்லபடி பார்த்தது யார், எத்தனை மணிக்கு?

ரூபன் திக்கினான். "நான் அஞ்சேகாலுக்குக் கெளம்பறப்போ படுத்திருந்தா. எழுப்பினேன், ம்ம்னா, எந்திரிக்கல. நடிக்கிறான்னு ஏசிட்டு வந்திட்டேன்."

காலை ஐந்திலிருந்து கணக்குப் போட்டால் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது, ஊசி போட முடியாது என்றார் டாக்டர். அப்போது நான் முன்னே வந்தேன். ஒன்பது நாற்பதுக்கு மலையில் பார்த்தேன், போனைப் பார்த்து நானே அவளுக்கு மணி சொன்னேன் என்றேன். நன்றாகத்தான் பேசினாளா என்று கேட்டார். ஆமாம். கை கால் சரியாக இருந்ததா? கத்தி பிடித்துப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள் டாக்டர், இதற்குமேல் என்ன வேண்டும் என்றேன். வேறு யாரும் பார்த்தார்களா என்று கேட்டார். நான் பார்த்தது போதாதா என்று குரலை உயர்த்தினேன். ரூபன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

செல்வி பக்கத்திலேயே தள்ளுவண்டியில் கிடந்தாள். நான் பேசப் பேச அவளுடைய இடது கை வண்டியின் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது. டொக், டொக், டொக். தலையையும் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கண் என்னை விட்டு விலகவில்லை. வலியில் துடிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "ஒண்ணுமில்லடி, ஊசி போடப் போறாங்க" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

ஒன்றேகாலுக்கு ஊசி போட்டார்கள். மூன்று மணிக்கு வாந்தி எடுத்தாள், பிறகு கண் திறக்கவில்லை. மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. மறுநாள் விடியலில் போய்விட்டாள். எதனால் கட்டி வந்தது என்று கேட்டதற்கு, பிரஷர் இல்லை, சீனி இல்லை, இதயத்தில் கோளாறு இல்லை, சின்ன வயதுக்காரர் சிலருக்குக் காரணம் தெரியாமலே இப்படி வரும் என்று டாக்டர் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவர் என்ன செய்வார்.

சாவு வீட்டில் பக்கத்துக் காம்பரா குசுமாக்கா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். சிங்களப் பொம்பிளை, ஆனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவாள். "அனே கங்காணி, வெடியிறதுக்கு முன்னுக்கு இருந்தே செவத்துல டொக்கு டொக்குன்னு சத்தம். எலின்னு நெனச்சிட்டேன். பத்து மணிக்கும் நிக்கல, அப்பதான் போயி எட்டிப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். செல்வியின் பால் கத்தி காம்பராவின் மூலையில் வாளியோடு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மழைக்கு முந்தின நாள் வெட்டிய பால் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது, அதற்குப் பிறகு அது மலைக்குப் போகவே இல்லை.

செல்வியின் அம்மா என் சட்டையைப் பிடித்துவிட்டாள். "கீழ கெடந்த புள்ளைய மலையில பாத்தேன்னு சொன்னியே, பெரட்டுல வராத ஆளுக்குப் பேர் போட்டத மறைக்கத்தானேடா பொய் சொன்ன? ஊசி போட வச்சுக் கொன்னுட்டியேடா." சட்டையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். லயத்தில் எல்லோரும் அதைத்தான் நம்புகிறார்கள். என் பெண்டாட்டியும்தான்.

ஆனால் மேல் மலையில் பதினொரு மரம் வெட்டியிருந்தது. நான் போய் எண்ணிப் பார்த்தேன். சிரட்டையில் பால் உறைந்து கிடந்தது. அந்த மலையில் அன்று வேறு யாருக்கும் வேலை இல்லை.

நான் சொன்னதை நம்புகிறவன் ஒரே ஒருத்தன், ரூபன். அவன் நம்பித்தான் ஆக வேண்டும். ஒன்பது நாற்பதுக்கு அவள் நல்லபடி மலையில் நின்றாள் என்றால், ஐந்தேகாலுக்கு அவள் தூக்கத்தில்தான் ம்ம் என்றாள். நான் பார்த்தது பொய்யென்றால், கை கால் விழுந்து பேச்சு வராமல் கிடந்தவளை நடிக்கிறாள் என்று ஏசிவிட்டுப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்பான். நானும் சொல்வேன். எப்படி நின்றாள், என்ன கேட்டாள், எல்லாம்.

போன கிழமை புதிதாக ஒன்று கேட்டான். "அண்ணே, அவ கையில சொரணை இருந்திச்சுதானே? எப்பவும் போல வலது கையாலதானே வெட்டினா?"

நான் இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பதினொரு மரத்திலும் வெட்டு கன்னாபின்னாவென்று இறங்கி, பட்டை கிழிந்து மரம் தெரிந்தது. முதல்தரமாகப் பால் வெட்டக் கற்றுக்கொள்கிறவன் கூட அப்படி வெட்டமாட்டான். அதைப் பார்த்தபிறகுதான் அவள் நின்ற நிலை எனக்குச் சரியாக நினைவுக்கு வந்தது. அவள் கத்தியை இடது கையில் பிடித்திருந்தாள். வலது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. என் கண் அதைப் பார்த்தது, டாக்டர் கேட்ட நேரத்தில் என் வாயில் வரவில்லை.

"வலது கைதான்டா தம்பி" என்றேன்.

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை செல்வியின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம், அவள் முன்னாலும் நான் அதைச் சொல்ல வேண்டுமாம்.