மயிலக்கா காட்டுக் காத்து

மளிகைக்கடைக்காரர் அளந்தால் அரிசி தெரியும், துணிக்கடைக்காரர் அளந்தால் துணி தெரியும். தொண்ணூறுகளில் நான் பார்த்த வேலையில் அளக்கிறவன் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது, பார்க்கிறவன் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் நான் அளந்தது காத்து.

கோயமுத்தூர் மில் முதலாளிகளுக்குக் காற்றாலைப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. எந்தக் காட்டில், அதாவது எந்த விவசாய நிலத்தில், காத்து எவ்வளவு அடிக்கிறது என்று கம்பம் நட்டு, வருஷம் பூராவும் அளந்து, படம் வரைந்து கொடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில். ஆபீஸ் ஆர்.எஸ்.புரத்தில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடி. அங்கே உட்கார்ந்து படம் வரைவது மற்றவர்கள். பல்லடத்துக்குத் தெக்கால இருக்கிற மேட்டாங்காடெல்லாம் சுற்றுவது நான். மேலே மேனேஜர், கீழே ஜனங்கள், நடுமண்டையில் வெயில் என்று உழைத்த புண்ணியவான்களே, நீங்கள் கரண்டு மீட்டர் பார்த்தவரோ, மாட்டுக்கு ஊசி போட்டவரோ, உங்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

பாகத்தில் வந்த காடு

மயிலாத்தாளை ஊரே மயிலக்கா என்றுதான் கூப்பிடும். புருஷன் இறந்தபிறகு பாகம் பிரித்தார்கள். கிணற்றோடு இருந்த பள்ளத்துக் காட்டைக் கொழுந்தனார் சென்னியப்பன் எடுத்துக்கொண்டு, மேட்டுக்காட்டை மயிலக்காவுக்குத் தள்ளிவிட்டார். அந்த மேட்டில் ஆடி மாசம் சோளப்பயிர் பாய் விரித்துப் படுத்துவிடும், முருங்கை முறிந்துவிடும். அங்கேயே சாளை என்று ஒரு சின்ன ஓட்டு வீடு, அதில் மயிலக்காவும் பத்தாவது படிக்கிற மகளும். வருஷா வருஷம் ஓடு பறக்கும், வருஷா வருஷம் மாற்றுவார்கள். இது போதாதென்று அந்த மேட்டையும் ஆட்டுப்பட்டி போடத் தனக்கே குறைந்த விலைக்குக் கொடுத்துவிடச் சொல்லிச் சென்னியப்பன் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நாங்கள் கம்பம் நட இடம் கேட்டுப் போனோம். மயிலக்கா ஊர்க்காரர்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டார்: ஒரு வருஷம் கம்பம் நிற்கட்டும், காத்து பத்தாது என்று கம்பெனி சொன்னால் காடு உனக்கு, பத்தும் என்றால் காற்றாலைக்காரனுக்கு. கம்பத்தை நட்டு முடித்த பிறகுதான் இந்தப் பேச்சே எனக்குத் தெரியும். அடக் கடவுளே, ஒரு குடும்பத்தின் வாழ்வு கம்பத்தடியில் நான் மாட்டிய கணக்குப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பெட்டி மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். சென்னியப்பன் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்கண்ணம் பொண்டாட்டிக்கு நாங்க குடுத்ததே காத்துத்தானுங்க. அதையும் அளந்து பாக்க ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துட்டீங்களே!"

மாசியில் வந்த முதலாளி

காற்றாலை போட நினைத்த மில் முதலாளிக்குப் பொறுமை கிடையாது. இடத்தைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று மாசி மாசத்து மத்தியானம் காரில் வந்து இறங்கிவிட்டார். மாசியில் எங்கள் பக்கம் காத்து எப்படி இருக்கும்? வேப்பங்கொழுந்துகூட அசையாது. கம்பத்து உச்சியில் காத்துக்குச் சுற்ற வேண்டிய மூன்று கிண்ணங்களும் ஆணி அடித்ததுபோல் நின்றன. மயிலக்கா மோர்ச் செம்போடு ஓடி வந்து, "நேத்து வந்திருக்கோணுமுங்க, நேத்தெல்லாம் தலையில துணி நிக்கலீங்க" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார். பாவம், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வைகாசிக்குமேல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும், ஆடியில் அள்ளிக்கொண்டு போகும், வருஷக் கணக்கே ஆடியில்தான் தேறும் என்று நான் மூச்சு வாங்க விளக்கினேன். முதலாளி மோரைக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, வியாபாரத்துக்கு உரிய நிதானத்தோடு கேட்டார்:

"அதெல்லாம் செரிங்க. இந்தக் காத்தைக் கொஞ்சம் முன்னாடியே வரவெக்கறதுக்கு நாம ஏதாச்சும் செலவு பண்ணோணுங்களா?"

விளக்கெண்ணெய்

கம்பத்தில் ஏறுவதற்கு எங்களிடம் இருந்தவர் யூசுப் பாய். கோட்டைமேட்டுக்காரர், ஐம்பது வயசு, பேச்சு கம்மி. மேலே ஏறிவிட்டால் காக்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிற ஆள். ஒருநாள் அவர் மேலே கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் கீழே பெட்டியைத் திறந்து மும்முரமாக இருந்தேன். திரும்பிப் பார்த்தால், பாய் தொங்கவிட்டிருந்த கயிற்றில் மயிலக்கா ஒரு பாட்டிலைக் கட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே விளக்கெண்ணெய்.

"வண்டி அச்சுக்குப் போடறதில்லீங்களா? ஒரு சொட்டு உட்டா நல்லா சுத்துமுங்க" என்றார். எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டி, சுற்றுகிறதும் நின்றுபோகும் என்று பதறிப்போய் பாட்டிலைப் பிடுங்கினேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், "அக்கா, இது தராசு மாதிரி. நமக்கு வேண்டியவங்க சரக்குங்கறதுக்காகத் தட்டை அமுக்கலாமா?" என்று தன்மையாகச் சொன்னேன். மயிலக்கா பாட்டிலை வாங்கி முந்தானையில் துடைத்தார்.

"அமுக்கக் கூடாதுங்கறீங்க, செரிங்க தம்பி. ஆனா பாகம் பிரிக்கறப்ப எல்லாரும் அமுக்கித்தானுங்க அளந்தாங்க."

ஆடி நோம்பி

பெட்டிக்குள் ஒரு சிப் இருக்கும். கிண்ணம் சுற்றுவதெல்லாம் அதில் பதியும். மாசம் ஒருமுறை பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகிவிட்டு வருவது என் வேலை. ஆடி ஒண்ணாந்தேதி போனபோது காத்தென்றால் அப்படி ஒரு காத்து. கண் நிறையப் புழுதி. ஒரு கையால் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சிப்பைச் செருகிவிட்டு, ஜீப்புக்குள் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன். மயிலக்கா பறக்கிற சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றார். இந்த ஒரு மாசத்தோடு காடு தேறிவிடும் என்று எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆடி முடிவில் போய்ப் பார்த்தால் கம்பம் கிழக்கே சாய்ந்து நிற்கிறது. ஆடிப் பண்டிகையை நோம்பி என்போம், அதற்குப் பெண்பிள்ளைகள் தூரி என்கிற ஊஞ்சல் கட்டி ஆடுவது எங்கள் சீமையில் வழக்கம். அந்த மேட்டிலே மரம் ஏது? கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த ஸ்டே கம்பிகள் இரண்டில் கயிற்றைப் போட்டு, ஜம்மென்று தூரி கட்டியிருந்தார்கள். மயிலக்காவின் மகளும் சேக்காளிகள் மூணு பேரும் நோம்பிக்கு ஆரம்பித்தவர்கள், அன்றைக்கும் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! "உங்க காட்டை நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே! சாய்ஞ்ச கம்பத்துல பதிஞ்ச கணக்கு எதுக்காகும்? ஒரு வருஷப் பாடு போச்சே!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். அந்தப் பிள்ளை அழுதுகொண்டு சாளைக்குள் ஓடியது. மயிலக்கா வந்து தானே கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே யூசுப் பாய் சிப்பைக் கழற்றினார், கம்பியை முறுக்கிக் கம்பத்தை நிமிர்த்தினார். பல்லடம் தாண்டி ஜீப் சூலூர் பக்கம் வந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்:

"தம்பி, அந்த சிப்பு தலைகீழாச் செருகியிருந்துச்சுங்க. தூரி கட்டாட்டியும் அதுல ஒண்ணும் பதிஞ்சிருக்காது. நீங்க சத்தம் போட்டுட்டிருந்தீங்க, நடுவுல பேச வேண்டாமுன்னு உட்டுட்டேன்."

மேனேஜர் அறை

அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் மேனேஜர் என் காகிதத்தைப் பார்த்தார். ஆடிக்கு நேராக வெறும் கட்டம். ஆடி இல்லாமல் சராசரி போட்டால் காடு தேறாது. தூரி விஷயம் அதற்குள் ஜீப் டிரைவர் மூலமாக அவர் காதுக்குப் போயிருந்தது. "காட்டுக்காரங்க ஒத்துழைப்பு இல்லைன்னு ரெண்டு வரி எழுதுங்க, இடத்தை மூடிடலாம். உங்க மேலயும் தப்பு வராது" என்றார். பேனாவைக்கூட அவரே எடுத்துக் கொடுத்தார்.

எழுதினால் என் வேலைக்கு ஆபத்தில்லை. மயிலக்காவின் காடு சென்னியப்பனுக்குப் போய்விடும். வேலை உறுதியாகி அப்போது நாலு மாசம்கூட ஆகவில்லை, வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்வானேன், அரை நிமிஷம் எனக்குச் சபலம் தட்டியது. அப்புறம் அந்தப் பிள்ளை அழுதுகொண்டு ஓடியது கண் முன்னால் வந்து நின்றது. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "தப்பு தூரியில இல்லீங்க சார், எங்கிட்ட. சிப்பை நாந்தான் தலைகீழாச் செருகிப்போட்டேன்" என்று கொட்டிவிட்டேன்.  மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம். கம்பம் இன்னொரு வருஷம் நிக்கட்டும். ஆனா உங்களுக்கு இனிமே ஜீப் கெடையாது, பஸ்ல போங்க."

பஞ்சாயத்து

பஸ்ஸில் போய் இறங்கி, நேராக மயிலக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் எதிர்பார்த்ததுபோல் பெருந்தன்மையாகச் சிரிக்கவெல்லாம் இல்லை. "எம்புள்ள மூணு நாளா சோறு திங்காம கெடந்தாளே, நீ நல்லா இருப்பியா?" என்று பிடித்துக்கொண்டார். மரியாதைக்குப் போடுகிற 'ங்க' போன வேகத்தில் எனக்குக் காது சுட்டது. திட்டி முடித்து, சொம்பில் தண்ணீர் கொடுத்து, "வாங்க, கொழுந்தன்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

சென்னியப்பன் முதலில் மசியவில்லை. பேச்சு பேச்சுதான், வருஷம் முடிந்தால் காடு எனக்கு என்றார். நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் முன்னால், தப்பு என்னுடையது, அந்த அம்மாவைத் தண்டிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கூட்டம் என் பக்கம் சாய்வதைப் பார்த்துவிட்டு, அவர் என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார்:

"இன்னொரு வருஷம் பொறுத்துக்கறேனுங்க. அப்பிடியே எங்காட்டுலயும் ஒரு கம்பம் நட்டுப்போடுங்க. ஒரு குடும்பத்துக்குள்ள பாரபட்சம் நல்லா இருக்காதுங்க."

இரண்டாவது ஆடி

இந்தமுறை நான் சிப்பைச் செருக, மயிலக்கா மகள் பக்கத்தில் நின்று, சிப்பின் ஓரத்தில் இருந்த வெட்டைக் காட்டி, "காடி மேலதான இருக்குதுங்கண்ணா?" என்று மூன்று தடவை கேட்டாள். யூசுப் பாய் தூரிக்கென்றே இரண்டு கல்லுக்காலைத் தள்ளி நட்டுக் கொடுத்தார். காத்தும் வஞ்சகம் பண்ணவில்லை. மேடு முதல் தரமாகத் தேறியது. மில் முதலாளி மயிலக்கா மனசு குளிர்கிற விலைக்கு எடுத்துக்கொண்டார். பத்திரம் முடிந்து பதிவு ஆபீஸ் வாசலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சென்னியப்பனும் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். மயிலக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இந்தச் சுத்துவட்டாரத்துலயே காத்து கம்மியான எடம் எதுன்னு உங்க நோட்டுல இருக்குமுங்களா? கையில காசிருக்கறப்பவே நிம்மதியா ஒரு வூடு கட்டிப்போடறேன்" என்று கேட்டார்.

நான் நோட்டைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன். விடமாட்டேன் என்கிறார். வேறு வழியில்லாமல் சொன்னேன்: அவர் கேட்டபடியே ஒரு வருஷம் முழுக்கக் கம்பம் நட்டு அளந்ததில், கிண்ணம் சுற்றவே சோம்பல்பட்ட இடம் சென்னியப்பனின் பள்ளத்துக் காடு. யூசுப் பாய்க்கு டீ புரையேறியது. சென்னியப்பன் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றினார். அப்புறம், "கெணத்துக்கு மேக்கால ஒரு மூலை சும்மாத்தான் கெடக்குது. வெலை சொல்லட்டுங்களா நங்கையா?" என்று அண்ணியைக் கேட்டார். மயிலக்கா என் பக்கம் கையைக் காட்டினார்:

"சொல்லு சென்னியப்பா. ஆனா எடத்தை அளக்கறது மட்டும் இந்தத் தம்பிதான், ஆமா."

ஆக, புண்ணியவான்களே, அத்தனை வருஷம் வெயிலில் காத்தை அளந்து நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: காத்தடிக்கிற காட்டை வாங்கக் கோயமுத்தூரில் இருந்து கார் போட்டுக்கொண்டு ஆள் வரும், குடியிருப்பதற்கு மட்டும் சண்டைக்காரக் கொழுந்தனார் காடுதான் தோதுப்படும்.